மதுரை மலைகள் சின்னதாக இருப்பதுதான் வசதி

மதுரையில் யாரிடமாவது "மலையேறப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே வரும் கேள்வி "கொடைக்கானலா, சதுரகிரியா?" என்பதுதான். ஒன்று காரில் போய் பிரெட் ஆம்லெட் சாப்பிடுகிற மலை, இன்னொன்று அமாவாசைக்கு விரதம் இருந்து தாணிப்பாறையிலிருந்து மூச்சு வாங்க ஏறுகிற மலை. இரண்டுக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் போய் ஏறி இறங்கி, வரும் வழியில் கறியும் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடக்கூடிய மலைகள் ஊரைச் சுற்றி இத்தனை கிடக்கின்றனவே, அவை ஏனோ யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

கீழக்குயில்குடி சமணர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டை வரை போய் இடது பக்கம் திரும்பினால் வந்துவிடும். அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். கொஞ்சம் படி ஏறினால் பேச்சிப்பள்ளம், அங்கே சுனையை ஒட்டி 9ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, கீழே வட்டெழுத்தோடு நிற்கின்றன. அதற்கு மேல் படியெல்லாம் குறைந்து வெறும் பாறைதான், சரிவில் காலை அழுத்தி வைத்து ஏற வேண்டும். மேலே போனால் நாகமலை நீளமாகப் படுத்திருப்பதும், மழை பெய்த வருஷமாக இருந்தால் கண்மாய்கள் மினுங்குவதும் தெரியும். உடம்பு வளையாதவர்கள்கூட நிதானமாக ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முதல் தடவை நான் போனபோது கீழே உட்கார்ந்திருந்த ஒரு அப்பத்தா, "சாமி கீழயே இருக்கும்போது மேல எதுக்குப்பா இந்த வெயில்ல ஏறுறீக?" என்று கேட்டது. நியாயமான கேள்வி, அதற்குச் சரியான பதில் என்னிடம் இன்னும் இல்லை.

ஆனால் சின்ன மலை என்பதால்தான் அடுத்த வாரமும் போக முடிகிறது, நான் சொல்ல வந்ததும் அதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள், சித்திரையில் அழகர் பின்னாலேயே ராத்திரி முழுக்க அலைகிறார்கள், அறுபது வயதுக்காரர்கள் செருப்புக்கூட இல்லாமல். அதெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து காலில் எண்ணெய் தேய்த்துப் படுத்தால் அப்புறம் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கும் வண்டிதான். வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைப் போட்டு வதைப்பதற்குப் பக்தி ஒரு காரணம், சரி, அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் இந்த 'ட்ரெக்கிங்' பிரியர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கி, ஒரே ஒரு தடவை குரங்கணி பக்கமோ மேகமலைப் பக்கமோ போய், போட்டோ போட்டு, அதோடு சரி.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அது போக இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் என்ன என்பதற்குக் கருவியெல்லாம் வேண்டாம், நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். தெப்பக்குளத்தில் தினமும் சுற்றுகிறவர்களில் பாதிப் பேர் பாடக்கூடிய வேகத்தில்தான் போகிறார்கள், சிலர் போனை ஸ்பீக்கரில் போட்டு நிஜமாகவே பாடவும் விடுகிறார்கள். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம், ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், நாலு சுற்று போனால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். எனக்கு அங்கே பிடித்த காட்சி, சேலையோடு கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போகிற அம்மாக்கள்தான். ஆண்கள் அளவுக்கு அவர்களுக்குக் காலை நேரம் கிடைப்பதில்லை, ஐந்தரைக்கு வாசல் தெளித்து அடுப்பில் உலை வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதனால் வந்த நேரத்தை வீணாக்குவதில்லை.

வெளியே வந்தால் முடக்கத்தான் சூப், வாழைத்தண்டு சூப், அருகம்புல் ஜூஸ் வண்டிகள். அதுவரை பரவாயில்லை. அதைத் தாண்டி வடைக் கடையில் நிற்கிறோம் பாருங்கள், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி, இரண்டு உளுந்த வடை அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நடப்பதால் மட்டும் எடை குறையும் என்று நம்பி வருகிறவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எடைக்காக நடக்காதீர்கள். தூக்கத்துக்காக நடங்கள், சர்க்கரைக்காக நடங்கள், அந்த இரண்டிலும் பலன் சீக்கிரம் தெரியும். என் மதினிக்குச் சர்க்கரை உண்டு. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கால் மணி நேரம் மொட்டை மாடியில் நடந்துவிட்டுத்தான் சீரியலே. ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் வருகிறார். "தம்பி, நான் மெதுவாத்தான் வருவேன், நீங்க முன்னாடி போய்ட்டு எனக்காக நிக்காதீக, பாக்குறவுகளுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், தொடங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் இறக்கம். எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் மறுநாள் ஆபீஸ் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனக வைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, பிரேக் பிடித்துக்கொண்டே வண்டியை உருட்டுகிற மாதிரி. பழக்கமில்லாத தசையில் அதனால் நுண்ணிய சேதம் ஏற்படும், வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். பழகப் பழக அது குறைந்துவிடுகிறது என்பதுதான் நல்ல செய்தி. முழங்காலிலும் இறங்கும்போதுதான் பாரம் கூடுதலாக விழுகிறது. நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்ன அடியாக வையுங்கள், ஒரு கம்பு இருந்தால் வெட்கப்படாமல் ஊன்றுங்கள். மற்ற நாளில் தோப்புக்கரணம் போடுங்கள். பிள்ளையாருக்கு முன்னால் மூன்று போட்டு முடித்துக்கொள்கிறோமே, அதையே பத்துப் பத்தாக, நிதானமாக இறங்கி நிதானமாக எழுந்து வாரம் இரண்டு மூன்று நாள் போட்டால் போதும், ஜிம்முக்குச் சேர்த்த பணம் மிச்சம். முழங்காலில் ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே போதும்.

மதுரையில் இந்த வேலைக்கு ஐப்பசி மழை விட்டதிலிருந்து மாசி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரி தொடும், வெட்டவெளிப் பாறை காலை எட்டரைக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும், ராத்திரியிலும் சூட்டை லேசில் விடாது. அப்போதெல்லாம் மலை வேண்டாம், தெப்பக்குளமும் நீர்மோரும் போதும். மழை பெய்த கையோடும் போகாதீர்கள், பாசி பிடித்த பாறையில் எந்த ஷூவும் நிற்காது. ஆனைமலைக்குப் போகிறவர்கள் ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கத்து ஆள் ஒருவர் துணையில்லாமல் ஏற வேண்டாம், அது தூரத்திலிருந்து யானை படுத்த மாதிரி சாதுவாகத் தெரியும், மேலே கைப்பிடி கிடையாது. இந்தப் பாறைகளில் மலைத்தேனீக் கூடுகளும் தொங்கும். சென்ட் அடித்துக்கொண்டு போவது, புகை போடுவது, கல்லெறிவது எதுவும் கூடாது. இதையெல்லாம் சொன்னால் "ரொம்பப் பயமுறுத்துறீங்கண்ணே" என்கிறார்கள் இளவட்டங்கள். தேனீ கொட்டி ஓடி வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

தனியாகப் போனால் இரண்டாம் வாரமே போர்வை இழுத்துப் பிடித்துவிடும், ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. 2010இல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள், அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' என்கிற குழு இன்றைக்கு எத்தனையோ குடும்பங்களைக் குழந்தை குட்டியோடு இந்தக் குன்றுகளுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கல்வெட்டுக் கதை கேட்கப் போகிறோம் என்று கிளம்பியவர்களுக்குத் தெரியாமலே உடம்புக்கும் வேலை ஆகிவிடுகிறது, ஏறும் சிரமத்தை மறக்கடிக்க மேலே ஏதாவது பார்க்க இருக்க வேண்டும். அரிட்டாபட்டியும் அப்படித்தான். ஏழு குன்றுகள், குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுக்கை, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து, தலைக்கு மேல் லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், இரண்டே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் என்று ஏலம் விட்டார்கள், மேலூர்க்காரர்கள் விடவில்லை, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இன்றைக்கு நாம் போய் ஏற ஒரு மலை அங்கே இருக்கிறது என்றால் அவர்கள் புண்ணியம்.

காட்டுக்குள் போகிற பெரிய நடைக்கு மட்டும் கண்டிப்பாக அனுமதி வாங்கிப் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், கோடையில் காய்ந்த புல் மலைச்சரிவில் தீ எத்தனை வேகமாக ஏறும் என்பதை அன்றைக்கு ஊரே பார்த்தது. வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். தீக்காலத்தில் மூடியும் விடுகிறார்கள், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

எங்கள் கூட்டம் அடுத்துப் போவது அரிட்டாபட்டி, மழை விட்டு இரண்டு நாள் பாறை காயட்டும் என்று காத்திருக்கிறோம். ஒத்தக்கடையில் அஞ்சரைக்கு டீ, ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்துவிடுவோம். வருகிறவர்கள் ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீரும், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அங்கே பருந்துக்குக் குஞ்சு இருக்கிறது.