காற்று ஓய்ந்த கடலில்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஆடி மாத மூட்டம் மூன்று நாட்களாகக் கலையவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் நின்றால் எதிர்மலைத் தேயிலைகூடத் தெரியாத இந்த வெண்மை, சென்ற ஆண்டு மார்ச்சில் வங்கக் கடலின் தென்பகுதியில் நான் கழித்த நாட்களை நினைவூட்டுகிறது. தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கையின் காலி நகரத் துறைமுகத்துக்குப் பாய்ப்படகொன்றைக் கொண்டுவரும் வேலையில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்திருந்தேன். ஏறத்தாழ 1,100 கடல் மைல் தூரம் அது. நல்ல காற்றிருந்தால் எட்டு ஒன்பது நாட்களில் முடிந்துவிடும். எங்களுக்குப் பதினைந்து நாட்கள் பிடித்தன. வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றின் பருவம் தளர்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் இன்னும் எழாத இடைக்காலத்தில் புறப்பட்டது எங்கள் பிழைதான்.

காற்றில்லாத கடல் அமைதியாக இருக்கும் என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அதைவிட இரைச்சலான இடத்தில் நான் உறங்க முயன்றதில்லை. தொலைவில், தென் சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பிவிட்ட நீண்ட அலைகள், இங்கே காற்று நின்ற பின்னரும் வந்துகொண்டேயிருக்கும். பாயில் காற்று நிறைந்திருந்தால் அதன் அழுத்தமே படகை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி இல்லாதபோது படகு இருபுறமும் உருள, ஒவ்வோர் உருளலிலும் பாய் துவண்டு, மறுகணம் படாரென்று விறைக்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டியும், பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் அடிமரம் தட்டிக்கொண்டேயிருந்தது. இந்த உதறலில் தையல்கள் அறுந்துவிடும். கிழிந்த படங்குத் துணியை அம்மா தைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், மெழுகு நூலும் தடித்த ஊசியுமாக அந்த வேலை என்னிடமே வந்து சேர்ந்தது.

இயந்திரத்தை இயக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்களிடம் இருந்தது 150 லீற்றர் டீசல். மணிக்கு இரண்டரை லீற்றர் என்றால் அறுபது மணித்தியாலம். 5 நொட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், வேகத்தில் 300 கடல் மைல். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே கிழக்கும் மேற்குமாகப் பெருங்கப்பல்கள் இடைவிடாது செல்லும் வழியொன்று உண்டு. அங்கே காற்றுக்காகக் காத்துக் கிடக்க முடியாது. ஆகவே எரிபொருளை அதற்கென ஒதுக்கிவிட்டு, பகலில் 12 கடல் மைல்கூட நகராத நாட்களைப் பொறுத்துக்கொண்டோம். மின்கலங்களுக்கு மின்னேற்ற மட்டும் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுவதும் ஏங்கியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணித்தியாலக் காவல், பின்னர் ஆறு மணித்தியால ஓய்வு என்பதே எங்கள் முறை. சமையல் என்றால் பெரும்பாலும் ரொட்டியும் கட்டச் சம்பலுந்தான். பாத்திரம் கழுவக் கடல்நீர். திரும்பி வந்ததும் அம்மா கேட்ட முதற் கேள்வி, "குளிக்கிறதுக்கு என்னடா செஞ்ச?" என்பதுதான். பீலிக்கரையில் நீர் கொட்டிக்கொண்டேயிருக்கும் ஊரில் அது நியாயமான கேள்வி. வாளியால் கடல்நீரை அள்ளி ஊற்றி, கடைசியில் ஒரு குவளை நன்னீரால் உப்பைக் கழுவிக்கொள்வோம். உப்பு நீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பதால், பாத்திரம் கழுவும் திரவத்தைத் தலைக்கும் தேய்த்தோம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

இரவுக் காவலை மட்டும் நான் வெறுக்கவில்லை. வட அகலக்கோடு 6 பாகையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஆறு பாகை உயரத்தில், நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்குச் சற்று மேலாக, மங்கலாகத் தெரியும். ஹட்டனும் ஏறக்குறைய அதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது. ஆயினும் வடக்கே மலை மறைத்துக்கொள்வதால் எங்கள் லயத்திலிருந்து அதை நான் கண்டதில்லை. ஊர் இருக்கும் கோட்டில் ஊரை நோக்கியே மணிக்கு அரை மைல் வேகத்தில் நகர்ந்துகொண்டு, ஊரில் காணாத நட்சத்திரத்தை அங்கே பார்த்தேன்.

பதினோராம் இரவு, மூன்று மணிக் காவலில், இடது காதோரம் குளிர்ச்சி பட்டது. கன்னத்தைத் திருப்பிப் பார்த்தேன், மீண்டும் பட்டது. பாய் மெல்ல உப்பி அப்படியே நின்றது. படகு சற்றே சாய்ந்தது. அடிமரம் தட்டுவதை நிறுத்தியது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அந்தச் சத்தம் நின்றுபோனதாலேயே கீழே உறங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்துக்கொண்டு, ஒருவர்பின் ஒருவராகப் படியேறி மேலே வந்தார்கள்.