போக 3 கிலோ, வர 13 கிலோ

168 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்ற குத்துவிளக்கு ஒன்று திரும்பி வந்தது. வந்தால் வரட்டும், வியாபாரத்தில் இதெல்லாம் உள்ளதுதான். ஆனால் அது போய்வந்த கூலியாக என் கணக்கில் கழித்திருந்த தொகை 142 வெள்ளி 4 காசு. விளக்கு விலைக்கும் அதற்கும் 26 வெள்ளிதான் வித்தியாசம். அந்தக் காசை எப்படித் திரும்ப வாங்கினேன், எவ்வளவு வாங்க முடியாமல் போனது என்பதுதான் இந்தக் கதை.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை தெரிகிற ஊர். பிறந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), இப்போது இருப்பது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். முன்னறையில் பாதி, பித்தளைச் சாமான். விளக்கு, சொம்பு, தாம்பாளம், பொங்கல் பானை. பினாங்கில் மொத்தமாக எடுத்து வந்து இணையச் சந்தையில் விற்கிறேன். கடைப் பெயரில் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு உண்டு, வருஷத்துக்கு 60 வெள்ளி. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம்தான் எனக்கு அறுவடை, மற்ற மாதமெல்லாம் ஈ ஓட்டல்.

2025 தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் கடைசியில் சபா மாநிலத்துக் கோத்தா கினபாலுவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. 12 அங்குல விளக்கு. ஆபீஸ் அலங்காரத்துக்காம். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றலாம் என்பது நமக்குத் தெரியும்: அடித்தட்டு, தண்டு, அகல், மேலே அன்னம். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, 38க்கு 18க்கு 18 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்து ஒட்டினேன். எடை 2.6 கிலோ, கூரியர் கணக்கில் 3 கிலோ. கடல் தாண்டிப் போவதால் முதல் கிலோவுக்கு 11 வெள்ளி, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 8. ஆக 27 வெள்ளி, சேவை வரி 6 விழுக்காடு சேர்த்து 28 வெள்ளி 62 காசு. 2024 மார்ச்சிலிருந்து தளவாடச் சேவைக்கும் அந்த வரி உண்டு. இந்தக் காசு கடைசியில் மறுபடி வரும், ஞாபகம் இருக்கட்டும்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே அந்த அம்மா சாட்டில் எழுதினார். 'கெச்சில் சாங்ஙாட்லா.' ரொம்பச் சின்னதாக இருக்கிறதாம், ஆள் இடுப்பு உயரத்துக்கு எதிர்பார்த்தாராம். பட்டியலில் 12 அங்குலம் என்று போட்டிருக்கிறேனே என்றேன். 'ஆமாம், நான் சரியாகப் பார்க்கவில்லை, மன்னிக்கவும்' என்று மரியாதையாகத்தான் பதில் சொன்னார். திருப்பி அனுப்புங்கள், விளக்கு நல்லபடியாக இருந்தால் பணம் வந்துவிடும் என்றேன். இதுவரை சண்டையே இல்லை.

சிக்கல் அதற்கு அடுத்த பக்கத்தில். திருப்பி அனுப்புகிறவர் ஒரு காரணத்தைத் தட்ட வேண்டும். மனம் மாறிவிட்டது, உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்துவிட்டது, சொன்னபடி இல்லை என்று வரிசையாக இருக்கும். அவர் 'சொன்னபடி இல்லை' என்பதைத் தட்டிவிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவர் மனசில் இருந்த விளக்கு அது இல்லை, அவ்வளவுதான். ஆனால் நான் விற்கிற சந்தையில் அந்த ஒரு தட்டலை வைத்துத்தான் கூலி யார் தலையில் என்பது முடிவாகிறது. மனம் மாறியது என்றால் திரும்பி வரும் கூலி விற்பனையாளருக்கு இல்லை. சொன்னபடி இல்லை என்றால் தப்பு விற்பனையாளருடையது, திரும்பி வரும் கூலி அவர் கணக்கில். அதோடு, வாங்கியவர் கட்டிய போகிற கூலியும் அவருக்குத் திரும்பப் போய், அதுவும் நம் கணக்கில் கழியும்.

விளக்கு பத்து நாள் கழித்து வந்தது. எதையும் வீடியோ எடுக்காமல் பிரிப்பதில்லை என்பது எனக்குப் பழக்கம். முந்தின வருஷம் ஒரு பெட்டிக்குள் விளக்குக்குப் பதில் செங்கல் வந்ததிலிருந்து. பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டி, சீட்டைக் காட்டி, பிறகுதான் கத்தி வைப்பேன். விளக்கு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மறுநாள் கணக்கைத் திறந்தால் இரண்டு கழிவு: ஒன்று 28.62, இன்னொன்று 113.42. சந்தைக்காரர் எடுத்த கமிஷன் மட்டும் கேட்காமலே திரும்பி வந்திருந்தது.

உடனே மேல்முறையீடு போட்டேன். அதில் நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். கோபத்தில் ஒரு கடிதமே எழுதிவிட்டேன். சின்ன வியாபாரி, தோட்டத்துப் பிள்ளை, தீபாவளி நேரம், இதெல்லாம் நியாயமா என்று. கூடவே பதினான்கு படம். படித்தவர் மனிதரா இயந்திரமா தெரியாது, ஆறு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: ஆதாரம் போதவில்லை, முடிவில் மாற்றமில்லை. பதினான்கு படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த நாள் பார்சல் போடுகிற கடைக்கு ஏழெட்டுப் பெட்டியோடு போனேன். கவுண்டரில் இருக்கிற தம்பிக்கு என்னை மூன்று வருஷமாகத் தெரியும். புலம்பிக்கொண்டே ஃபோனை நீட்டினேன். சீட்டுப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, இது என்னா 13 கிலோ? வெளக்கு அனுப்புனீங்களா, அம்மிக்கல்லு அனுப்புனீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன். திரும்பி வந்த சீட்டில் எடை 13.00. நான் அனுப்பியபோது 3. அதே பெட்டி, அதே ஒட்டுப் பட்டை, பக்கத்தில் நான் மார்க்கரில் எழுதிய 'ஹாத்தி ஹாத்தி' (கவனம்) கூட அப்படியே. அங்கே யாரோ 3-க்கு முன்னால் ஒரு 1 தட்டியிருக்க வேண்டும். முதல் கிலோ 11, மிச்சம் பன்னிரண்டு கிலோவுக்கு 96, ஆக 107, வரி 6.42. கழிந்த 113.42 காசு பிசகாமல் நின்றது.

"காரணத்த அப்புறம் பாத்துக்கலாங்க்கா. மொதல்ல எடைய மட்டும் தனியாப் போடுங்க. அதப் பாக்குறது வேற டிபார்ட்மெண்ட்டு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டீங்கன்னா ஒருத்தன் இன்னொருத்தன் மேல தள்ளிவிட்டுருவான்."

இந்த ஒரு பேச்சுக்கு அந்தத் தம்பிக்கு நான் தீபாவளிப் பலகாரம் கடன்பட்டேன். (கொடுத்தும்விட்டேன். முறுக்கு, நெய்யுருண்டை.)

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருஷம் பால்மரம் (ரப்பர்) சீவியவர். இணையச் சந்தை, கூரியர் எதுவும் அவருக்குப் புரியாது, எடை என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. "கிராணி தராசு முள்ளப் பாத்துட்டுத்தான் பேனாவ எடுப்பாரு. நாங்க முள்ளையும் பாப்போம், பேனாவையும் பாப்போம். நீ பேனாவப் பாக்காம வுட்டுட்டியே" என்றார். (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்.) பால் வாளி தூக்கிப்போய் நிறுத்துவிட்டு, துண்டில் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற அம்மாவின் கால் பக்கத்தில்தான் நான் சின்ன வயதில் நின்றிருக்கிறேன். எனக்குத் தோன்றாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது.

விளக்கைப் பழையபடி அதே தாளில் சுற்றி அதே பெட்டியில் வைத்து, தம்பி கடைத் தராசில் ஏற்றினோம். 2.58. பிரித்த பெட்டியை மறுபடி நிறுத்தால் 'பாதியை எடுத்துவிட்டீர்கள்' என்று சொல்லலாமே என்ற பயம் இருந்தது. அதனால் பிரிப்பதற்கு முன் எடுத்த வீடியோவிலிருந்து, ஒட்டு உடையாத பெட்டியும் 13 கிலோ சீட்டும் ஒன்றாகத் தெரிகிற ஒரு காட்சியை வெட்டி எடுத்தேன். இந்த முறை மூன்றே படம்: போன சீட்டு, வந்த சீட்டு, தராசு. எழுதியது நான்கு வரி. போனபோது 3 கிலோ, வந்தபோது 13 கிலோ, பெட்டி அதேதான், 10 கிலோவுக்கான கூலியைத் திருப்பித் தரவும்.

இரண்டு நாள் கழித்துப் பதில்: கூலி 'வோலியூமெட்ரிக்' எடைப்படி கணக்கிடப்பட்டது.

இதைப் பார்த்ததும் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். சொல்லே மிரட்டுகிறது. விஷயம் எளிது. பஞ்சு மூட்டை மாதிரி எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் அடைக்கிற பார்சலுக்கு, அது அடைக்கிற இடத்தை எடையாக மாற்றிக் கூலி போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, எங்கள் கூரியர் கணக்கில் 5000-ஆல் வகுக்க வேண்டும். வருவது கிலோ. அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குக் கூலி. என் பெட்டி 38 × 18 × 18, அதாவது 12,312. வகுத்தால் 2.46. தராசு எடையைவிடக் குறைவு. 13 கிலோ வர வேண்டுமென்றால் 65,000 வர வேண்டும், அந்தப் பெட்டியில் இப்படி ஐந்து விளக்கை அடுக்கலாம். தையல் டேப்பைப் பெட்டி மேல் மூன்று பக்கமும் வைத்துப் படம் எடுத்து, இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் மட்டும் எழுதி அனுப்பினேன். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

நான்காம் நாள் 84 வெள்ளி 80 காசு கணக்கில் ஏறியது. 10 கிலோவுக்கு 80, வரி 4.80. சாமி விளக்குக்கு முன்னால் கொஞ்சம் எண்ணெய் கூடுதலாக ஊற்றினேன்.

பிறகு காரணம். இதற்கு முதல் மேல்முறையீடு ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்ததால் புதிதாகப் போட வழியில்லை. விற்பனையாளர் உதவிச் சாட்டில் மனிதரைப் பிடிக்க வேண்டும். இயந்திரம் முதலில் ஐந்து தடவை அதே கேள்வியைக் கேட்கும், சலிக்காமல் தாண்ட வேண்டும். காலை ஒன்பதரை மணிக்கு ஓர் ஆள் கிடைத்தார். அவரிடம் இரண்டு படம் மட்டும் கொடுத்தேன்: பட்டியலில் '12 அங்குலம்' என்ற வரி, 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்ற சாட். வாங்கியவர் வாயாலேயே வந்தது அது. சந்தையின் சாட்டுக்குள்ளேயே பேசியிருந்ததால் அவர்களாலும் பார்க்க முடிந்தது. இதே பேச்சை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு வாரம். காரணம் 'மனம் மாறியது' என்று திருத்தப்பட்டது. 27 வெள்ளி வந்தது.

28.62 அல்லவா மிச்சம்? வரி 1.62 வரவில்லை. "ஒன்னு அறுபத்திரெண்டுக்கா சாட்டுல ஒக்காந்திருக்க?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அந்த மாதம் திரும்பி வந்த பார்சல் ஆறு, வருஷத்துக்கு எத்தனை என்று அவர் கணக்குப் போடவில்லை. கூலியையே திருப்பிவிட்டபின் அதன் மேல் போட்ட வரியை எந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். மூன்று நாளில் 1.62 வந்தது. ஆக, 113.42 முழுசாக.

வராதது, போன கூலி 28.62. பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தச் சேவை முடிந்துவிட்டது, வாங்கியவருக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடிக்க முடியாது என்றார்கள். காரணம் திருத்தப்பட்ட பிறகும் இது ஏன் என் தலையில் என்று இரண்டு முறை கேட்டேன், அதே பதில்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போ என்று ஓர் உறவுக்காரர் சொன்னார். மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்பது சரி. ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பயனீட்டாளர் என்றால் சொந்த உபயோகத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர். வியாபாரத்துக்காகக் கூரியர் எடுத்த நான் அதில் வரமாட்டேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்கும் சிறு வழக்கு போடலாம், வக்கீல் தேவையில்லை. 28.62-க்காக ஒரு நாள் கடையை மூடினால் நஷ்டம் அதைவிடப் பெரிது. அதோடு விட்டேன்.

அந்த விளக்கு நம்மூரிலேயே, அடுத்த தாமானில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. கூலி இல்லை, நானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பட்டியலை மட்டும் மாற்றினேன். 12 அங்குலம் என்று எழுத்தில் போட்டால் யாரும் படிப்பதில்லை. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின்னை வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். அந்த டின் எவ்வளவு உயரம் என்று இந்த நாட்டில் தெரியாத வீடு கிடையாது. போன வாரம் மீரியிலிருந்து ஒருவர் சாட்டில் கேட்டிருந்தார்:

'டின் மைலோ செக்காலி கெ?'

இல்லை அண்ணே, மைலோ சேராது.