ஜெராய் மலையும் எல்லை முனியும்

மலேசியாவின் கெடா மாநிலத்து ஜெராய் மலைக்காட்டில் கால் முறிந்து கிடந்தபோது நேர்ந்துகொண்ட படையலை, ஊன்றுகோலை விட்டதும் முதல் வேலையாகப் பீடோங் தோட்டத்து முனீஸ்வரருக்குச் செலுத்தினேன்.

தோட்டத்தில் இப்போது ரப்பர் பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் காலி. எல்லையில் முனி மட்டும் சூலத்தோடு நிற்கிறார். விடியுமுன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போன என் பாட்டி, அவரைக் கும்பிடாமல் மரநிரைக்குள் இறங்கமாட்டார்.

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். 1025-இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில், கடலோடிகளுக்கு அடையாளமாக நின்ற மலை. அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கின் புக்கிட் பத்து பகாட் கோயிலில் இன்று கல் அடித்தளம்தான் மிச்சம். அங்கே கற்பூரம் ஏற்ற வழியில்லை; மனதுக்குள் ஒரு தேவாரம் சொல்லிவிட்டுத்தான் மலையேறினோம்.

இறங்கும்போது ஈரவேர் வழுக்கியது. கணுக்காலில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒரு நண்பர் இரண்டு குச்சிகளை வைத்துத் துண்டால் காலைக் கட்டினார். இன்னொருவர் சிக்னல் தேடி மேலேறி 999-ஐ அழைத்தார். அதற்குள் வானம் இருட்டியது. 2021 ஆகஸ்டில் இந்த மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் அடிவாரத்து யான் வட்டாரத்தைப் புரட்டிப்போட்டதை மறக்க முடியுமா? ஓடையோரத்திலிருந்து என்னை மேட்டுக்குத் தூக்கிப்போனார்கள். நனைந்த உடம்பு நடுங்கியது. "முனியய்யா, உன் எல்லையைத் தாண்டி வந்துட்டேன். ஆனாலும் உன் பிள்ளைதானே?" என்று அழுதேன்.

இருட்டில் விசில் ஊதிக்கொண்டே இருந்தோம். கீழேயிருந்து பதில் விசில் வந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி தலைவிளக்குகள் வரிசையாக ஏறி வந்தன. பொம்பா எனும் தீயணைப்பு மீட்புப் படைக்காரர்கள், அவர்களுக்கு வழிகாட்டிய கம்பத்து (மலாய்க் கிராமத்து) ஆட்கள். அந்தச் சரிவில் ஸ்ட்ரெச்சரைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் இறக்க முடிந்தது. என் தலைமாட்டில் பிடித்திருந்த பையன் மூச்சு வாங்கியபடி, "சபார் பாங், சிகிட் லாகி" (பொறுங்கண்ணே, இன்னும் கொஞ்சம்தான்) என்று மலாயில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் தோளில் கயிறு அறுத்த தடத்தை ஆம்புலன்ஸ் வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

படையலன்று பூசாரி அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். "எனக்கில்லைங்க, என்னைத் தூக்கினவங்களுக்கு" என்றேன். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. "அப்ப சாமி பேருக்கே செஞ்சிடுவோம், அவருக்குத் தெரியும்" என்று தேங்காயை உடைத்தார்.

கோழியும் சுருட்டும் முனிக்கு. படையலில் வைக்காத பழக்கூடை ஒன்றைத் தனியே வாங்கி, அங்கிருந்து நேராகப் பொம்பா நிலையத்துக்குப் போனேன்.