நடந்து ஒன்று, மிதித்து ஐந்து: மணாலி – லே கணவாய் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 22, மணாலி (2,050 மீட்டர்)

லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். தேனிப் பக்கம் 'மெட்டு' என்பதைப்போல. போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறிப் பழகிய கால்களுக்கு இந்தச் சாலையின் ஏற்றம் புதிதல்ல. புதிது காற்று. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ரோதாங் கணவாய் ஏறும் முதல் நாளிலேயே அந்த உயரம் பின்னால் போய்விடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறுகிறவர்கூட 4,000 மீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். கால் பழகுவது வேறு, ரத்தம் பழகுவது வேறு. அதனால் சைக்கிளைத் தொடும் முன் நான்கு நாள் நடை: ஹம்தா கணவாய்.

சைக்கிள் வேலை இன்றே முடிந்தது. முன்னால் 22 பல், பின்னால் 34 பல். 26 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.34 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 4.8 கிலோமீட்டர். நடை வேகம்தான். இதைவிடக் கனமான கியரோடு வந்தால் 5,000 மீட்டரில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கேரியரின் 5 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றி, மரையில், கழலாமல் பிடித்துக்கொள்ளும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு மீண்டும் முடுக்கியாயிற்று. கரடுமுரடான சாலையின் அதிர்வில் முதலில் கழன்று விழுவது இவைதான். மாற்றுப் போல்ட் நான்கு. மாற்றுச் சக்கரக் கம்பி (ஸ்போக்) ஆறு, பின் சக்கரத்தின் வலப்பக்க நீளத்தில். சுமை ஏற்றினால் உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் பல் சக்கரத்தைக் கழற்றும் கருவி இல்லாமல் அங்கே கம்பி மாற்ற முடியாது. கம்பியை எடுத்துவைத்துவிட்டுக் கருவியை மறப்பவர்கள் நிறையப் பேர். பஞ்சர் பசை, பிரிக்காத குழாய் இரண்டு. ஒரு முறை திறந்தது இந்த வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

உயரத்தில் டயர் வெடித்துவிடும் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணாலிக்கும் இந்த வழியின் மிக உயர்ந்த கணவாயான தங்லாங் லாவுக்கும் வெளிக்காற்றழுத்த வேறுபாடு சுமார் 4 பிஎஸ்ஐ. 45 பிஎஸ்ஐ அடித்த டயர் மேலே 49 காட்டும். குளிர் அதையும் குறைத்துவிடும். காற்றை இறக்கிவிட்டு ஏறினால் கல்லில் மோதித் டியூப் கிழிவதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 25, பாலு கா கேரா

ஜோப்ராவில் தொடங்கி சிக்கா வழியாக இங்கே. சுமார் 3,600 மீட்டர். குல்லு பக்கம் மழை இன்னும் விடவில்லை. பாதை முழுக்கச் சேறு.

நாளை ஓடை கடக்க வேண்டும். பனியாறு உருகி வரும் நீர் விடியலில் குறைவு, மாலையில் அதிகம். கடக்க இடம் தேடும்போது குறுகிய இடம் கண்ணைக் கவரும்; அங்கேதான் ஆழமும் இழுப்பும். அகலமாகப் பரந்து ஓடும் இடமே நல்லது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதற முடியும். வெறுங்கால் வேண்டாம். குளிரில் பாதம் மரத்துப்போய்க் கல் குத்துவதே தெரியாது. பின்வார் உள்ள செருப்பு போதும்.

ஆகஸ்ட் 26, ஷியா கோரு

ஹம்தா, 4,270 மீட்டர். ஏறிய பக்கம் புல்லும் பூவும், இறங்கிய பக்கம் கல்லும் மண்ணும். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை இந்த மலைத்தொடர் தடுத்துவிடுவதால் இறங்கிய பக்கத்து லாஹவுல் மழை மறைவு நிலம். கம்பம் பள்ளத்தாக்கும் இதே கதைதான். அங்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை.

இறக்கத்தில் சரளை வழுக்குகிறது. உடலைப் பின்னால் சாய்த்தால் கால் வாரும். முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இன்றைய படுக்கை சுமார் 3,900 மீட்டரில். நாளை சத்ரூ இறங்கி, ஜீப்பில் மணாலி.

ஆகஸ்ட் 29, மர்ஹி (3,320 மீட்டர்)

34 கிலோமீட்டர், 1,270 மீட்டர் ஏற்றம். அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்த பிறகு லாரிகள் 9.02 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் போய்விட்டன. ரோதாங் சாலை இப்போது சைக்கிளுக்கு எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 30, சிஸ்ஸூ

ரோதாங், 3,978 மீட்டர். காலை ஏழு மணிக்கு முன் உச்சியில் இருந்தால் மேகம் மூடுவதற்குள் காட்சி கிடைக்கும். கோக்சர் வரை இறக்கம் குண்டும் குழியுமாக இருந்தது. இரவு தங்குவது 3,120 மீட்டரில்.

ஆகஸ்ட் 31, ஜிஸ்பா

தாண்டியில் சந்திராவும் பாகாவும் சேருகின்றன. இதுதான் பிறகு செனாப் ஆகிறது. அங்குள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்ற பலகை பெயர்பெற்றது. பெட்ரோல் அடுப்பு வைத்திருப்பவர்கள் இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். கேஸ் உருளையை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். கைபேசிக்கு ஒரு குறிப்பு: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

செப்டம்பர் 1, ஜிங்ஜிங்பார் (சுமார் 4,200 மீட்டர்)

இன்றைக்கு எழுத வேண்டியது கணக்கு ஒன்றுதான். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட எங்கே படுத்தோம் என்பதுதான் கணக்கு. ஜிஸ்பா 3,200, இங்கே 4,200: ஒரே தாவலில் ஆயிரம் மீட்டர். ஷியா கோருவில் 3,900இல் படுத்து எழுந்த உடலாக இருந்ததால்தான் இதைத் துணிய முடிந்தது. நேரே மணாலியிலிருந்து வருகிறவர்கள் இடையில் பட்சியோவில், 3,800 மீட்டரில், ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும்.

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு: உயரத்தால் வரும் நோயின் தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை மாலை, ஏற்றத்துக்கு முந்திய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அதிகம் போகும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பெருந்தவறு.

தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறக்கூடாது. ஒரு நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொண்டு, இரவானாலும் அப்போதே கீழே இறக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். அதற்கும் அதே வழிதான்.

செப்டம்பர் 2, சர்ச்சூ (4,290 மீட்டர்)

காலை ஆறரைக்குப் புறப்பாடு. சாலையைக் கடக்கும் ஓடைகளில் அப்போது கணுக்கால் அளவுதான் நீர். மதியம் இதே ஓடை முழங்காலைத் தொடும். மிதித்துக் கடக்க முயல வேண்டாம், உருண்டைக் கல்லில் முன்சக்கரம் திரும்பிவிடும். இறங்கித் தள்ளுங்கள். நீர் வரும் பக்கம் நாம், நீர் போகும் பக்கம் சைக்கிள். மாறி நின்றால் ஆறு சைக்கிளை நம்மேல் சாய்க்கும். கடந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய். பனியாற்று நீரில் உள்ள மாவுபோன்ற கல்தூள் செயினை அரம்போல் தின்னும்.

பாரலாச்சா லா, சுமார் 4,890 மீட்டர். உச்சிக்குச் சற்றுக் கீழே சூரஜ் தால். தாண்டியிலிருந்து கூடவே வந்த பாகா ஆறு பிறப்பது இந்த ஏரியில். சைக்கிளைச் சாலையோரம் சாய்த்துவிட்டுக் கரையில் அரை மணி நடந்தால் பனிக்கட்டி நீரில் இறங்கும் இடம் தெரியும். ஆற்றோடு மூன்று நாள் ஏறி அதன் ஊற்றைப் பார்ப்பது பேருந்தில் போகிறவர்களுக்குக் கிடைக்காத பேறு. கணவாயிலிருந்து தெற்கே சந்திர தாலுக்கு நடைபாதை பிரிகிறது. மூன்று நாள் நடை, இடையில் கடக்க வேண்டிய ஓடைகள் கடுமையானவை. தனியாகப் போகும் பாதையல்ல.

செப்டம்பர் 3, சர்ச்சூ

ஓய்வு. இதைத் தவிர்க்கக்கூடாது. தலைவலி வந்தால் இறங்கு என்பது மலைவிதி. இங்கே இறங்குவதற்கே ஏற வேண்டும்: தெற்கே 4,890, வடக்கே 4,740, 5,060, 5,328 மீட்டர் கணவாய்கள். சர்ச்சூ ஒரு கிண்ணம், இரண்டு பக்கமும் விளிம்பு உயரம். இதற்கு அப்பால் வரும் பாங்க் என்ற இடம் இன்னும் மோசம். உடம்பு சரியில்லை என்றால் முடிவு இங்கேயே, ஜிஸ்பா பக்கம் திரும்பும் வண்டியில்.

செப்டம்பர் 4, விஸ்கி நாலா

காடா வளைவுகள், 21 கொண்டை ஊசி. ஏற்றம் சீரானது; மூச்சைச் சீராக வைத்தால் போதும். தண்ணீர்தான் இல்லை, நான்கு லிட்டர் ஏற்றிக்கொண்டோம். வளைவுகளை வெட்டிச் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் கண்ணுக்குத் தெரியும். வெறுங்கையோடு நடப்பவர்க்கு அவை சரி. சுமையேற்றிய சைக்கிளுக்கு அந்தச் சரளை ஆகாது. மேலே நக்கீ லா.

செப்டம்பர் 5, பாங்க் (4,600 மீட்டர்)

லாச்சுலுங் லாவின் பலகையில் 16,616 அடி, நம் கணக்கில் 5,065 மீட்டர். இறக்கத்தில் காற்றும் நீரும் அரித்த மண்தூண்கள் இருபுறமும். கொதிநீர் இங்கே 85 டிகிரிதான். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேகாது. கூடாரக் கடைகளின் ராஜ்மா சாவல் எல்லாம் குக்கர் சமையல். ராணுவ முகாம் இருப்பதால் அவசர மருத்துவ உதவிக்கு இதுதான் இடம்.

செப்டம்பர் 6, டெப்ரிங்

மோரே சமவெளி. மதியத்துக்கு மேல் காற்று எழும், விடியலில் கிளம்பிவிடுங்கள்.

செப்டம்பர் 7, உப்ஷி

தங்லாங் லா. பலகையில் 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர். ஜிபிஎஸ் அளவை 5,328 என்கிறது. பழைய பலகையை அப்படியே நம்ப வேண்டாம்.

இனி 1,900 மீட்டர் இறக்கம். பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் பட்டை சூடேறிக் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பு போய்விடும். விளிம்பில் பிடிக்கும் பிரேக் என்றால் சூட்டில் டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவில் முழுதாக விட வேண்டும். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றோம். டிஸ்க்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறியது. சீறல் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த இறக்கம். ரும்ட்சேயில் பார்லி வயல்கள், ஒரு வாரத்துக்குப் பின் பச்சை. பின் பிரேக் பட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. உப்ஷியில் சிந்து நதிக்கரையில் உட்கார்ந்து மாற்றியாயிற்று. லேவுக்கு இன்னும் சுமார் 50 கிலோமீட்டர்.