"மடக்குறது இருக்கட்டும், முதல்ல காலை நீட்டுங்க சார்!"

முட்டியில் ஆபரேஷன் என்றதும் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மடக்க வருதா?" சம்மணம் போட முடியுமா, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியுமா என்பதுதானே நம் ஊரில் முட்டிக்கு அளவுகோல். என் பிசியோதெரபிஸ்டுக்கு அந்தக் கவலையே இல்லை. கால் கடைசிவரை நீள்கிறதா என்பதில்தான் அவர் குறியாக இருந்தார்.

கோவையில் வார இறுதிகளில் ஷட்டில் ஆடும் கூட்டத்தில் நானும் ஒருவன். பின்னால் எம்பி ஒரு ஷாட் அடித்துவிட்டு இடது காலை ஊன்றினேன். ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்கால் எலும்பை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தார். ஸ்கேனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏ.சி.எல். என்கிற குறுக்கு ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

பெரியப்பா, "புத்தூர் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வந்துடலாம்பா" என்றார். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் இந்த ஜவ்வு மூட்டுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே போடும் எந்தக் கட்டும் அதை எட்டாது. அதே சமயம், அறுந்தால் ஆபரேஷன்தான் என்றும் இல்லை. ஓடித் திரும்பும் விளையாட்டு வேண்டாம் என்பவர்கள் பலர் உடற்பயிற்சியை மட்டும் வைத்தே சமாளிக்கிறார்கள். எனக்கு மறுபடி ஆட வேண்டும். போதாததற்குப் படி இறங்கும்போது முட்டி திடீர் திடீரென்று விட்டுப்போனது. அதனால் ஆபரேஷன். அதுவும் உடனே இல்லை. வீக்கம் வடிந்து, கால் நேராக நீண்ட பிறகுதான் தேதி கொடுத்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து மடித்து, எலும்பில் போட்ட துளை வழியாக உள்ளே பொருத்தினார்கள். அந்த நாள் சுலபமாகவே போனது. பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்தார். அப்படி ஒரு சுகம். வீட்டுக்கே வந்த பிசியோ முதல் வேலையாக அதை உருவி எடுத்தார். "அம்மா, இதைக் குதிகாலுக்கு அடியில வைங்க. முட்டி காத்துல தொங்கணும்." மடங்கிய நிலையிலேயே கால் கிடந்தால் மூட்டின் முன்பக்கத்தில் தழும்புத் திசு வளர்ந்து, கடைசி சில டிகிரி நீளவே நீளாது, ஆயுசுக்கும் விந்தி விந்தி நடக்க வேண்டி வரும் என்றார். குதிகால் தலையணை மேல், முட்டி அந்தரத்தில், நான் விட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் வரும்போதெல்லாம் முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். கை போனால், "இன்னும் இடம் இருக்கு சார்" என்பார். கோணம் அளக்கும் கருவி பையில் இருந்தாலும் அவர் நம்பியது கையைத்தான்.

அடுத்த அதிர்ச்சி தொடை. "முன்தொடையை இறுக்குங்க" என்றார். இறுக்கினேன். ஒன்றுமே நடக்கவில்லை! வலிக்கவும் இல்லை, அசையவும் இல்லை. மூட்டில் வீக்கம் இருந்தால் நரம்பு மண்டலமே அந்தத் தசையை அடக்கி வைத்துவிடுமாம். தொடையில் பட்டை ஒட்டி மின்தூண்டல் கொடுத்தார்கள். ஒருநாள் முட்டிச்சில்லு அரை விரல்கடை மேலே ஏறி இறங்கியது. வீடே கைதட்டியது, வேறெதற்கும் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

படிக்கட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஊன்றுகோலை விடும்வரை அதுதான் வேதம்.

மூன்றாவது மாதம்தான் மோசம் என்பேன். வலி போய்விட்டது, நடை சரியாகிவிட்டது, அலுவலகத்தில் எல்லோரும் "சரியாயிடுச்சே" என்கிறார்கள். உள்ளே கதை வேறு. வைத்த தசைநாருக்கு ரத்த ஓட்டம் புதிதாக வர வேண்டும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜவ்வாக மாற்றிக்கொள்ளும் காலம் அது. வலி இல்லை என்பதை வைத்து அதன் பலத்தைக் கணக்குப் போட முடியாது. ரிஷப் பந்த் 2022 டிசம்பர் விபத்தில் முட்டி ஜவ்வு அறுந்து, மறுபடி களமிறங்கியது 2024 மார்ச்சில். உலகத்தரப் பயிற்சியாளர்கள் சூழ இருந்தவருக்கே அவ்வளவு நாள்.

பயிற்சிக் கூடத்தில் பக்கத்து மெத்தையில் கபடி ஆடும் கல்லூரிப் பெண் ஒருத்தி. "அண்ணா, எனக்கு இது ரெண்டாவது கால்" என்றாள். முதல் கால் ஆறு மாதத்தில் நன்றாகிவிட்டதென்று போட்டிக்கு இறக்கினார்களாம். அடுத்த கால் போனது. 2016-இல் வந்த, நார்வேயும் அமெரிக்காவின் டெலாவேரும் சேர்ந்து நடத்திய ஆய்வு சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்: களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது. அந்தப் பெண் அதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் இந்த முறை கோச் போன் செய்தால் எடுப்பதில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் பாலிசி டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் செலவைத்தான் கொடுத்தது. எடை தூக்கி, ஒற்றைக்காலில் உட்கார்ந்தெழுந்து, தொடையை வளர்க்கும் வேலை அதற்குப் பிறகுதானே சூடு பிடிக்கிறது! அது மொத்தமும் கைக்காசு. ஆபரேஷன் செலவை மட்டும் விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சம்மணம் இப்போது வருகிறது. போன வாரம் ஒற்றைக்கால் தாண்டல் வைத்தார்கள். நல்ல காலில் தாண்டிய தூரத்தில் 90 சதவீதமாவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும், எனக்கு 84. தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்வதை பிசியோ போனில் படம் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ஷட்டிலுக்கு இன்னும் அனுமதி இல்லை. பெட்டி மேலிருந்து குதித்து இறங்கும் பயிற்சி திங்கட்கிழமை ஆரம்பம்.