கடலூர் மணலில் தென்னை: புரட்டாசி முதல் மாசி வரை

இந்தக் கரையில் தென்னைக்கு உறைபனி என்ற பேச்சே இல்லை. மரத்தைப் படுத்துவது மழைதான். ஐப்பசியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் குருத்து, தண்ணீர் தேங்கும் பாத்தி, வடகிழக்குக் காற்று. தை பிறந்தபின் கண்ணில் படும் நோவெல்லாம் பெரும்பாலும் மழையில் வாங்கி வைத்ததாகவே இருக்கும். அதனால் பனிக்காலத்துக்கான வேலை புரட்டாசியிலேயே ஆரம்பம்.

மரங்கள் மூன்று. தேவனாம்பட்டினம் பக்கம் மணல் மனை. காய்க்கிற நெட்டை இரண்டு (கிணற்றடியில் ஒன்று, மதிலோரம் ஒன்று), நெட்டை-குட்டைக் கலப்பில் நான்கு வயதுக் கன்று ஒன்று.

புரட்டாசி

முற்றிய குலைகளை இறக்கியாயிற்று. காய்ந்த மட்டை, பன்னாடை, பழைய பாளை எல்லாம் கழித்தாயிற்று. பச்சை மட்டையில் கை வைக்கவில்லை. புயலுக்குப் பயந்து கீழ்வரிசைப் பச்சை மட்டையையும் அரிந்துவிடுகிற பழக்கம் இங்கே உண்டு. அது மரத்துக்குச் செய்யும் கெடுதல். குலை உட்கார்ந்திருப்பது அந்த மட்டையின் மேல். மட்டை போனால் காம்பு மடிந்து குலை தொங்கிவிடும். பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். வெட்டியே தீரவேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டவும்.

காண்டாமிருக வண்டுக்கு: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டைக் கக்கங்களில் மரத்துக்கு 150 கிராம். கன்றுக்கு அதே இடத்தில் கக்கத்துக்கு ஓர் அந்துருண்டை, 45 நாளைக்கு ஒருமுறை புதிதாக.

ஐப்பசி

வட்டப்பாத்தியின் கரையைத் தாழ்வான பக்கம் உடைத்து வாய்க்கால் இழுத்தோம். மணலில் தண்ணீர் நிற்காது என்பது பாதி உண்மைதான். இங்கே கார்த்திகையில் நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். வேருக்குக் காற்று கிடைக்காமல் அடிமட்டைகள் மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்து அந்த ஈரத்தில் யூரியா போட்டால் அது தண்ணீரோடு போய்விடும். மதிலோர மரத்தின் தூரில் மாடித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திருப்பிவிட்டதும் அந்த இடம் ஆறியது.

மழை விட்ட இரண்டு நாள் இடைவெளியில் பூஞ்சாணத்துக்கு 1 சதவீத போர்டோ கலவை. 10 லிட்டருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியாக 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்து அடியில் தங்கும், தெளிப்பான் முனை அடைக்கும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு வேண்டாம். சுண்ணாம்பு அன்றைக்கு நீற்றியதாக இருக்கட்டும். இந்தப் பக்கம் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு நன்றாகவே வேலை செய்கிறது. திறந்து வைத்து நாள்பட்ட சுண்ணாம்பில் காரம் செத்திருக்கும். கலந்தபின் துருவில்லாத கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள். முனையில் செம்பு படிந்து சிவந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, குருத்து கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, கத்தியில் சிவப்பு படியாத வரை சோதிக்க வேண்டும். கலவையை அன்றே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும். தெளிப்பு குருத்திலும் சுற்று மட்டைகளின் அடியிலும் இறங்கினால்தான் பலன். ஓலை நுனியில் அடிப்பது துத்தத்துக்குப் பிடித்த தண்டம்.

கார்த்திகை

கன்றின் குருத்து வெளிறி, நடு ஓலை மட்டும் பழுப்பாகச் சாய்ந்தது. சுற்று மட்டைகள் பச்சையாகவே இருந்தன. இதுதான் ஏமாற்றும் இடம்: மரம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். குருத்தைப் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்தது. அடிப்பக்கம் சோறு புளித்த மாதிரி கொழகொழவென்று, நாற்றம் தாங்கவில்லை. குருத்தழுகல். பைட்டோப்தோரா என்ற, பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிரின் வேலை. தொடர் ஈரமும் குளிர்ச்சியும் அதற்கு வசதி. தென்னைக்கு இருப்பது ஒரே ஒரு வளர்முனை. அழுகல் அதைத் தொட்டுவிட்டால் செய்ய ஒன்றுமில்லை.

கன்றில் அழுகல் வளர்முனைக்கு மேலேயே நின்றிருந்தது. கூரிய கத்தியால் வெள்ளைத் திசு தெரியும்வரை சுரண்டி எடுத்து, 10 சதவீத போர்டோ பசை பூசினோம் (துத்தம் 100 கிராம் அரை லிட்டரில், சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், பின் கலப்பு). மேலே மண்சட்டி கவிழ்த்தோம், மழை உள்ளே இறங்காமல் காற்று மட்டும் போகிற மாதிரி. பாலித்தீன் தாளும் சரிதான், இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும். சுரண்டிய கழிவை எரித்துவிட வேண்டும், எருக்குழியில் போடக்கூடாது. பக்கத்து மரங்களுக்கும் அன்றே கலவை தெளித்தாயிற்று. அவற்றின் கக்கத்தில் 5 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சாணக் கொல்லி அடைத்து ஊசியால் துளையிட்ட பொட்டலம் இரண்டிரண்டு வைத்தோம். ஒவ்வொரு மழைக்கும் மருந்து கொஞ்சமாகக் கசியும்.

மார்கழி

புயல் காலம் கார்த்திகையோடு முடிந்தது என்று கன்றுக்குப் போட்ட கயிற்றுக்கட்டை அவிழ்க்க வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. ‘தானே’ புயல் வந்ததோ 2011 டிசம்பர் 30, மார்கழி நடுவில், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே. கன்றுக்கு மூன்று திசையில் முளை அடித்து, தண்டில் சாக்கைச் சுற்றி அதன்மேல் கயிறு. மட்டைக் கழுத்தில் கட்டினால் ஆட்டத்தில் குருத்து அறுபடும். இளமரம் சாய்ந்தால் மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, தூரில் மண் அணைத்து, முட்டுக்கொடுத்தால் புதுவேர் விடும். தண்டு பிளந்துவிட்டால் பிழைக்காது.

கிணற்றடி மரத்தில் குரும்பை உதிர்வு கூடியது. குளிரும் மேகமூட்டமும் சேர்ந்தால் கொஞ்சம் உதிரும், சகஜம். உதிர்ந்ததை எடுத்துக் காம்படித் தொட்டியை (காயின் தலையில் ஒட்டியிருக்கும் தொப்பியை) விலக்கிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்: வடுவோ முக்கோணத் தழும்போ இருந்தால் சிலந்திப்பேன் வேலை, இல்லையென்றால் பருவம்.

தை

பொங்கல் கழிந்து, மண் கால் ஒட்டாத பதத்துக்கு வந்தபின் உரம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டு தவணையாக. அதன்படி இந்தத் தவணைக்கு யூரியா 650 கிராம், மற்றவை ஒவ்வொரு கிலோ. மணல் மனையில் இதையும் மாதம் தள்ளி இரண்டாகப் பிரிப்பதே நல்லது. தூரிலிருந்து 1.8 மீட்டர் வட்டத்துக்குள் தூவிக் கொத்திவிட்டுத் தண்ணீர். தண்டை ஒட்டிக் கொட்டுவது வீண். உடைத்த பாத்திக் கரையையும் இப்போதுதான் திரும்பக் கட்டினோம்; மேலே தேங்காய் மட்டை மூடாக்கு, நார்ப்பக்கம் கீழே பார்க்க.

கன்றில் சட்டிக்கு அடியிலிருந்து விரல் நீளத்துக்குப் புதுக் குருத்து. முதலில் விரியும் ஓலை சுருங்கி, பாதி வெட்டுப்பட்டுத்தான் வரும்; இரண்டாவது, மூன்றாவது ஓலையைப் பார்த்துத்தான் தேறியதா என்று சொல்ல முடியும். சட்டியை எடுத்தாயிற்று.

மாசி

மழை நின்றதும் சுருள் வெள்ளை ஈ. ஓலையின் அடியில் வெள்ளை வட்டங்கள், கீழ் ஓலையின் மேல்புறம் கரும்பூசணம். பூச்சிமருந்து அடிக்கவில்லை, அடித்தால் அதைத் தின்னும் என்கார்சியா குளவியும் போய்விடும். குழாய்த் தண்ணீரை வேகமாக ஓலை அடியில் பீய்ச்சி, கரும்பூசணத்தின் மேல் மைதாப் பசை (லிட்டருக்கு 25 கிராம், காய்ச்சி ஆறவைத்து வடிகட்டியது). வெயிலில் காய்ந்து கறுப்பு உரிந்து விழுகிறது. மதிலோர மரத்தில் இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது, உரத்தின் மறுபாதியும் அந்த வாரமே.