1996 ஃபோர்ட்ராக்ஸ் 300: முன் பிரேக்குக்குள் தேங்கிய தண்ணீர்

போன செப்டம்பரில் ஒரு பழைய ஹோண்டா ஃபோர்ட்ராக்ஸ் 300 வாங்கினேன். 1996 மாடல், நாலு சக்கரமும் இழுக்கிற வகை. ஒன்டாரியோவில் பீட்டர்பரோவுக்கு வடக்கே எங்களுக்குக் கொஞ்சம் காட்டு நிலம் இருக்கிறது. அங்கே விறகு இழுக்கவும், குளிர்காலத்தில் பாதையில் விழும் பனியைத் தள்ளவும் ஒரு வண்டி தேவைப்பட்டது. இந்த வகையைப் பார்த்திராதவர்களுக்கு: மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார் பிடித்து ஏறி உட்கார்ந்து ஓட்டுவது, ஆனால் குண்டு டயர் நாலு, முன்னும் பின்னும் சாமான் கட்ட இரும்புக் கம்பித் தட்டு. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், சுமார் 282 சிசி. செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். கிளட்ச் பிடி கிடையாது, காலால் கியர் மாற்றினால் போதும். 1988 முதல் 2000 வரை பெரிய மாற்றமில்லாமல் வந்த மாடல் என்பதால் உதிரிப்பாகம் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணமே அதுதான்.

விற்றவர் எஞ்சின் போய்விட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார். நான்கு வருடமாகக் கொட்டகையில் நின்ற வண்டி. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தபோது வந்தது பெட்ரோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் வாசம். அப்போதே எனக்கு எஞ்சின் மேல் சந்தேகம் குறைந்துவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் ஸ்டார்ட் ஆகாத நாட்களில் அவர் முதலில் கை வைப்பது எரிபொருள் போகிற பாதையில்தான், பிறகுதான் மற்றதெல்லாம். நானும் அப்படியே தொடங்கினேன்.

டாங்கைக் காலி செய்து கழுவி, டாங்கின் அடியில் இருக்கும் குழாய்த் திருகியின் வடிகட்டியைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைக் கழற்றினேன். கீழ்க் கிண்ணத்தின் அடியில் பச்சை நிறத்தில் பிசின் படிந்திருந்தது. ஸ்லோ ஜெட் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் போகும் சின்ன ஓட்டை) முழுதாக அடைத்திருந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லை. சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்குவது) இழுத்தால் மட்டும் இரண்டு நொடி ஓடி, சோக்கை விட்டதும் அணைகிற வண்டி என்றால் பெரும்பாலும் இங்கேதான் பிரச்சினை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நிற்க நிற்க லேசான பகுதி ஆவியாகிப் போய் மிச்சம் பிசினாகும். ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். நான் மின்சார வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதை விட்டு மெதுவாக எடுத்தேன், அப்புறம் கார்ப் கிளீனர் அடித்தேன். மறுபக்கம் நேர்க்கோடாகப் பீய்ச்சியதும் சரி என்று மூடினேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது, பஞ்சு ஃபில்டரில் பாதியைத் தின்றும் இருந்தது. புதிது போட்டேன்.

ஸ்டார்ட் ஆனது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் நிறையத் தடவை முயல வேண்டியிருந்தது, அதனால் டேப்பெட் பார்த்தேன், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டன் கலவையை அமுக்கும் வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட வேண்டும். இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் கேஜ் நுழையவே இல்லை. அந்த நிலையில் வால்வு முழுதாக உட்காராமல் அழுத்தம் கசியும், ‘எஞ்சின் போய்விட்டது’ என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். பத்து நிமிட வேலை. மறுநாள் காலை முதல் அமுக்கிலேயே பிடித்துக்கொண்டது.

ஆயில் மாற்றினேன், 10டபிள்யூ-40, மோட்டார் சைக்கிளுக்கு உரியது. கிளட்சும் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, காருக்கு விற்கும் எரிபொருள் சிக்கன ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். கியர் மாற்றும்போது கடக் என்று இடித்ததற்கு கிளட்ச் திருகாணியைச் சரிசெய்தேன். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகாணியைத் தட்டுப்படும்வரை இடப்பக்கம் திருப்பி, அங்கிருந்து கால் சுற்று வலப்பக்கம், அவ்வளவுதான்.

இனி முன் பிரேக். இதற்குத்தான் என் அக்டோபர் முழுதும் போனது.

வலது கைப்பிடியை அழுத்தினால் கல் மாதிரி இருந்தது, வண்டி நிற்கவில்லை. ஜாக்கியில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் இடது பக்கம் அசையவே சிரமப்பட்டது. இந்த வண்டியில் முன் பிரேக் டிஸ்க் இல்லை, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிரம்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்சுவரை ஷூ என்கிற வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும். அந்த ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர், ஒரு சக்கரத்துக்கு இரண்டு. இடது டிரம் நட்டைக் கழற்றிய பிறகும் டிரம் வரவில்லை. உள்ளே ஷூவைத் தளர்த்தும் பல்சக்கரமும் துருவில் இறுகிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டி எடுத்தேன். கழன்று வந்தபோது செம்மண் நிறத்தில் அரை டம்ளர் தண்ணீர் கையில் கொட்டியது. ஷூவின் லைனிங் இரும்பிலிருந்து பிய்ந்து தனியாகக் கிடந்தது. (பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.)

இங்கே ஒரு தவறு செய்தேன். புது ஷூ, புது வீல் சிலிண்டர் வாங்கிப் போட்டு மூடிவிட்டேன். பிரேக் அருமையாகப் பிடித்தது. இரண்டு வாரம் கழித்து ஓடையில் இறங்கி ஏறிய பிறகு பிரேக்கில் ஓசை வந்தது, திறந்தால் மறுபடி தண்ணீர். புது ஷூவில் துருக் கறை படிந்திருந்ததைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் தண்ணீர் கெடுத்த பொருளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வழி மூன்று இருந்தது. டிரம்மின் விளிம்பில் ஒரு பெரிய ரப்பர் சீல் உண்டு, அதன் உதடு பின் தகட்டில் (டிரம்மை உள்பக்கம் மூடும், சுற்றாத தகடு) உரசிக்கொண்டே சுற்றும். அதில் கிரீஸ் நிறைத்துத்தான் மாட்ட வேண்டும். எனக்கு முன்னால் யாரோ அதைக் காய்ந்த நிலையில் மாட்டியிருந்தார்கள், ரப்பர் கல்லாகியிருந்தது. அந்த உதடு உரசும் இடத்தில் பின் தகடு துருவில் குழி குழியாக இருந்தது, அதன் மேல் எந்தப் புது சீலும் நிற்காது. கடைசியாக, வீல் சிலிண்டர் தகட்டில் உட்காரும் இடத்தில் சீலண்ட் பூச வேண்டும், அதை முதல் தடவை நானே பூசவில்லை. பின் தகட்டைப் புதிதாக வாங்கினேன், இடதும் வலதும். உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தேன், குழியின் ஆழத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். சீல், நடுவில் வரும் ஓ-ரிங், எல்லாம் புதிது. சீல் உதட்டுக்குள் விரலால் கிரீஸ் அடைத்து, ஷூ பக்கம் ஒரு துளியும் படாமல் துணியால் துடைத்து, இந்தத் தடவை அவசரப்படாமல் ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் கொடுத்தேன்.

பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க மச்சான் வந்திருந்தான். நான் கீழே நிப்பிளில் (காற்றை வெளியே விடும் திருகு) குழாய் மாட்டிப் போத்தலில் விட்டுப் படுத்திருக்க, அவன் மேலே கைப்பிடியில். “அமுக்கு. பிடிச்சுக்கோ... விடு,” என்று நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். “இன்னும் குமிழி வருதாடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான், பொறுமையான ஆள். மேலே கிண்ணத்தில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை, குறைந்தால் மறுபடி காற்று இழுத்துவிடும். பிரேக் எண்ணெய் பெயின்ட்டைத் தின்னும், பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள்.

அதே சாக்கில் முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயிலையும் இறக்கினேன். பால் விட்ட காப்பி நிறம். அங்கேயும் தண்ணீர்! மேலே காற்று போகும் மெல்லிய குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும், அந்தக் குழாய் உயரத்தில் இருந்தால் இழுப்பது காற்றை மட்டும். குழாயைப் புதிதாக மாட்டி மேலே கட்டி, 80 நம்பர் கியர் ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி இறக்கி, இரண்டாவது தடவை புது ஆயில் ஊற்றினேன். இரண்டாவது தடவை இறங்கியது கிட்டத்தட்ட தெளிவாக இருந்தது.

நவம்பர் முதல் வாரம் வேண்டுமென்றே அதே ஓடையில் நாலு தடவை ஏறி இறங்கினேன். ஒரு வாரம் விட்டு இடது டிரம்மைத் திறந்தேன். உள்ளே உலர்ந்த கறுப்புத் தூசி மட்டும். சீல் உதட்டில் கிரீஸ் அப்படியே இருந்தது. நானும் மச்சானும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின் பிரேக் கேபிளில் வேலை செய்யும் ஒற்றை டிரம். அது பிடிக்கிறது, ஆனால் காலை எடுத்த பிறகு மெதுவாகத்தான் விடுகிறது. அதற்குள்ளேயும் தண்ணீர் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சீல் வாங்கி வைத்திருக்கிறேன், கொட்டகையில் விரல் மரத்துப்போகாமல் வேலை செய்ய ஒரு ஹீட்டர் கிடைத்ததும் அதைத் திறப்பேன்.